தியோவுக்கு இரண்டு பேர் வேண்டும்

தனியாக இருப்பவன் வீட்டில் தியோ வைக்கக் கூடாது. போன டிசம்பரில்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

தியோ ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். ஒரு முனையில் கண்ணும் சிரிப்பும் வரைந்து, தலையில் சிவப்புத் தொப்பி மாட்டி, முன்பக்கம் இரண்டு குச்சிக் கால் வைத்திருப்பார்கள். டிசம்பர் எட்டாம் தேதியிலிருந்து அதற்குப் போர்வை போர்த்தி, தினமும் சாயங்காலம் சாப்பாடு வைக்க வேண்டும். தின்று கொழுத்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருபத்துநாலாம் தேதி, பிள்ளைகள் பாடிக்கொண்டே அதைக் குச்சியால் அடிப்பார்கள். அது பரிசுகளை ஆய் போகும். சிரிக்காதீர்கள். பார்சிலோனாவில் நீதிபதியானாலும் வங்கி மேனேஜரானாலும் சின்ன வயதில் இந்தக் கட்டையை அடித்துத்தான் வளர்ந்திருப்பார்.

இதில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. ஒருவர் சாப்பாட்டை வைக்க, இன்னொருவர் யாரும் பார்க்காதபோது அதைத் தின்றுவிட்டுப் பழத்தோலை மட்டும் விட வேண்டும். ஒருவர் பக்கத்து அறைக்குப் போய்க் குச்சியைச் சூடுகாட்ட, இன்னொருவர் அந்த நேரத்தில் போர்வைக்கு அடியில் பரிசைத் தள்ள வேண்டும். தனியாகச் செய்வது தனியாகக் கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி.

என் பெயர் பெர்னாத். தெருக்களில் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுவது என் வேலை. ஊரே கடற்கரையில் மல்லாந்து கிடக்கும் செப்டம்பர் கடைசியில், நாங்கள் வியர்த்து வழிய கிரான் வியா சாலையின் குறுக்கே சீரியல் விளக்கு இழுத்துக்கொண்டிருப்போம். நவம்பர் கடைசியில் சுவிட்சைப் போட்டதும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு செல்போனைத் தூக்குவார்கள். என் கண்ணுக்கு விளக்கே தெரியாது. கம்பியைக் கட்டும் கேபிள் டை இறுகியிருக்கிறதா, காற்றடித்தால் எந்தக் கம்பி தொய்யும், இதுதான் தெரியும். பதினாறு வருஷம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம்.

நெவுஸும் நானும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் மகள் மரியோனாவுக்கு ஒன்பது வயது. சாரியாவில் அம்மாவோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனியும் ஞாயிறும் என்னோடு. பிரிந்தபோது சாமான்களைப் பங்கு போட்டதில் பழைய தியோ அவர்கள் பக்கம் போய்விட்டது. நான் சண்டை போடவில்லை. ஒரு கட்டைக்காக வக்கீல் வைக்கவா முடியும்? ஆனால் சான்ட் அந்த்ரேவில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்த முதல் டிசம்பரில், அது இல்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு பல சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் இருபத்துநாலாம் தேதி மரியோனா என்னோடு இருப்பதாகத்தான் பேச்சு. டிசம்பர் பிறந்ததும் நெவுஸ் போன் செய்தாள். அவள் இப்போது சேர்ந்து வாழும் அல்பேர்ட்டின் குடும்பத்துக்கு மலைமேல், செர்தான்யாவில், வீடு இருக்கிறது. பனி, சறுக்கு விளையாட்டு, அவன் அண்ணன் பிள்ளைகள் நாலு பேர். இருபத்திரண்டாம் தேதியே கிளம்புகிறார்களாம். மரியோனாவையும் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டாள். தியோ அடிக்க அவள் என் வீட்டுக்குத்தான் வருவாள் என்றேன்.

"அவ இன்னும் அதை நம்புறான்னா நினைக்கிற? ஒன்பது வயசு ஆகுது, பெர்னாத்."

"நம்புறா."

"சரி, சண்டை வேண்டாம். அவகிட்டயே கேக்குறேன். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, பனி, நாலு பிள்ளைகள். இன்னொரு பக்கம் நான். என்னிடம் காட்ட இருந்தது ஒரு மரக்கட்டை மட்டும், அதையும் இன்னும் வாங்கவில்லை. அவள் நம்புகிறவரை வருவாள். நம்பிக்கை போய்விட்டால், எந்தப் பிள்ளை பனியை விட்டுவிட்டு இரண்டு அறை வீட்டில் கட்டை அடிக்க வரும்? இது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

எட்டாம் தேதி சனிக்கிழமையாக வந்தது. மரியோனாவைக் கூட்டிக்கொண்டு கதீட்ரல் முன்னாலிருக்கும் சாந்தா லூசியா சந்தைக்குப் போனேன். விடுமுறை வேறு, எள் விழ இடமில்லை. முதல் வரிசையில் குடிலுக்குப் போடும் பாசியும் மரப்பட்டையும் ஈரவாடை அடித்தன. அடுத்த வரிசை முழுக்கக் குடில் பொம்மைகள். அதில் பாதி ககனேர் பொம்மைகள். கால்சட்டையை இறக்கிக்கொண்டு ஆய் போகக் குந்தியிருப்பவன். முன்பெல்லாம் குடியானவன் மட்டும்தான் அப்படிக் குந்துவான். இப்போது போலீஸ்காரன், டாக்டர், கன்னியாஸ்திரீ, கால்பந்து வீரன் எல்லோரும் குந்துகிறார்கள். குடிலின் ஓரத்தில் அவன் ஒருவன் இல்லாவிட்டால் வருஷம் விளங்காது.

தியோ விற்கும் கடையில் ரெமேய் என்ற அம்மாள் இருந்தாள். பருத்த உடம்பு, விரல் நுனி வெட்டிய கையுறை, கரகரத்த குரல். கட்டைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக நிறுத்திவைத்திருந்தாள். மரியோனா ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து முகத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியிருந்த ஒரு கட்டையைத் தூக்கினாள்.

"அது கோவக்காரன் மாதிரி இருக்கே, பாப்பா. வேற எடுத்துக்கோ," என்றாள் ரெமேய்.

"எங்கப்பா மாதிரி இருக்கு. அதான் எடுத்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அந்தப் புருவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. ரெமேய் என்னை மட்டும் பலகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். கட்டையைத் திருப்பி, பின்பக்கம் குடைந்திருப்பதைக் காட்டி, சின்னச் சாமான்களை இதற்குள் ஒளித்துவைக்கலாம், பாப்பா பார்த்துவிடாமல் எடுத்துப்போ என்று காதோடு சொன்னாள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். மரியோனாவைக் காணோம்.

கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு சந்தாக அவள் பெயரைச் சொல்லி ஓடினேன். எல்லாப் பிள்ளைகளும் அன்றைக்கு நீலக் கோட்டுதான் போட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். பொம்மைக் கடைகளின் பக்கமிருந்து, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, சாவகாசமாக நடந்து வந்தாள்.

"எங்கடி போன?"

"பொம்மை பாக்க."

"சொல்லிட்டுப் போக வாயில்லையா? உன்னைக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பயத்தில் வந்தது, கோபமாக விழுந்தது. அவள், பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமல் என் பின்னாலேயே நடந்தாள்.

கிரான் வியாவை நோக்கி நடந்தோம். வழியில் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று தின்றுவிட்டுப் பொட்டலத்தை என்னிடமே நீட்டினாள். இருட்டியிருந்தது. விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் நடுச்சாலையில் நின்று படம் எடுத்தார்கள். அவள் தன் ஷூவைப் பார்த்து நடந்தாள். இப்படியே போனால் நெவுஸ் கேட்கும்போது மலை என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. கடைசியில், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். மருந்துக்கடை முனையில் அவளை நிறுத்தினேன்.

"அந்த மூணாவது வரிசை தெரியுதா? சுவரோட சேர்ற எடத்துல, முடிச்சுல, சிவப்பா ஒண்ணு."

வெகுநேரம் தேடினாள். "நூலா?"

"உன் பழைய கையுறை நூல். போன வருஷம் ஒத்தைக் கையுறையைத் தொலைச்சியே, அதோட ஜோடியைப் பிரிச்சுக் கட்டினேன்."

"எதுக்கு?"

எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆளைத் தூக்கும் கூடை வண்டியில் அத்தனை உயரத்தில் தனியாக நின்றபோது கட்டத் தோன்றியது. அது உன் விளக்கு என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பைக்குள் இருந்த கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் தியோவை மூலையில் வைக்க என்னை விடவில்லை. குளியலறையில் கை கழுவிக்கொண்டு வா என்று என்னை அனுப்பிவிட்டு, தானே அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, என் பழைய கம்பளியைப் போர்த்தியிருந்தாள். போர்வையை அடிக்கிற நாள் வரைக்கும் தூக்கவே கூடாது, அதற்குக் குளிரும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். தட்டில் ஒரு கமலா ஆரஞ்சு வைத்தாள். பத்து மணிக்கு அறைக்குப் போய்ப் படுத்தாள்.

அவள் நன்றாகத் தூங்கட்டும், பிறகு பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைப் போடலாம் என்று சோபாவில் சாய்ந்தேன். அந்த வாரம் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்த உடம்பு. கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில்.

தூக்கிவாரிப் போட்டது. பழம் அப்படியே இருப்பதை அவள் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்தது. மூலைக்குப் பாய்ந்தேன். தட்டில் தோல் மட்டும் இருந்தது. நாலு இதழாகப் பிரித்த தோல், பக்கத்தில் வெள்ளை நாரெல்லாம் சின்னக் குவியலாக. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தேன். தூக்கக் கலக்கத்தில் நானே எழுந்து தின்றிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். நான் நார் எடுத்துத் தின்கிற ஆளே இல்லை. ஆனாலும் அப்படித்தான் முடிவு செய்தேன்.

மரியோனா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுருச்சு," என்றேன்.

"ஆமா. நார் பிடிக்காது போல."

ஞாயிறு சாயங்காலம் அவளைச் சாரியாவில் விட்டுவிட்டு வந்து, அவள் சொல்லிவிட்டபடி தட்டில் இன்னொரு பழம் வைத்தேன். திங்கட்கிழமை காலை அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் அதைப் பார்த்ததும் மனசு என்னவோ செய்தது. உரித்துத் தின்றுவிட்டு, தோலைத் தட்டில் போட்டுவிட்டு, வேலைக்குப் போனேன். அதன்பின் தினமும் இதேதான். சாயங்காலம் வைப்பவனும் நான், காலையில் தின்பவனும் நான். கூட வேலை பார்க்கும் கீம், தனியாளுக்கு எதற்குடா இத்தனை ஆரஞ்சு என்று வாயைக் கிண்டினான். கட்டைக்கு என்றேன். கட்டையைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் இருப்பே, ஒரு பொம்பளையைப் பாரு என்றான். அவன் மனைவி தினமும் கட்டிக் கொடுக்கும் ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னான்.

பத்தொன்பதாம் தேதி மரியோனா போன் செய்தாள்.

"அப்பா, நான் மலைக்குப் போறேன்."

"சரிடா."

"கோவமா?"

"இல்லடா. பனி நல்லா இருக்கும். நீ போ."

"மறுபடி ஜனவரியில வருவேன். ஆனா நீ தியோவை அடிக்கணும். அடிக்காம விடக் கூடாது. ஒன்பது மணிக்கு போன் பண்ணிக் கேப்பேன்."

அடிக்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் வெகுநேரம் நின்றேன். சந்தையில் நான் திட்டியதுதான் காரணம் என்று ஒரு நேரம் தோன்றியது. இல்லை, அவளுக்குத் தியோ விஷயம் தெரிந்துவிட்டது, இனி என்னிடம் வர ஒரு காரணமும் இல்லை என்று இன்னொரு நேரம் தோன்றியது. எப்படிப் பார்த்தாலும் தோற்றுவிட்டேன். அவளுக்காக வாங்கி வைத்திருந்த பரிசை அலமாரியின் மேல்தட்டில் தள்ளினேன்.

இருபத்துநாலாம் தேதி காவல் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏதாவது வரிசை அணைந்தால் ஓடுவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டுமே. கீம் என்னைக் கட்டிப்பிடித்து, நீ தெய்வம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். எதுவும் அணையவில்லை. எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் கிரான் வியா வழியாக நடந்தேன்.

அந்த நாளில் அந்த நேரத்துக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது வெளியே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். கடைகளின் கதவு இறங்கிவிட்டது. சாந்தா லூசியா சந்தையை முந்தினநாளே பிரித்துவிட்டார்கள். ஒரு காலிப் பேருந்து போனது. மேலே ஜன்னல்களில் ஆட்கள் தட்டுகளோடு நடமாடினார்கள். சாலை முழுக்க விளக்கு, ஆயிரக்கணக்கில், ஒன்றுகூட அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அடியில் நான் ஒருவன். மருந்துக்கடை முனையில் நின்றேன். சிவப்பு நூல் காற்றில் லேசாக ஆடியது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, கேபிள் டையைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது எட்டே முக்கால். அடித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அவள் போனிலேயே கண்டுபிடித்துவிடுவாள். துடைப்பத்தின் கட்டையைக் கழற்றினேன். முறைப்படி சமையலறைக்குப் போய் அடுப்பில் அதைச் சூடுகாட்டினேன். பிள்ளைகள் இப்படிச் சூடுகாட்டும் நேரத்தில்தான் பெரியவர்கள் பரிசை உள்ளே வைப்பார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு போய்க் கட்டையின் முன்னால் நின்று, கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் பாட்டைப் பாடி, நாலு அடி அடித்தேன். நாற்பத்தைந்து வயதில் துடைப்பக்கட்டையோடு ஒரு மரத்தை அடித்துக்கொண்டிருக்கிறாயே என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு அதுவும் என்னை முறைத்தது.

முறைப்படி கடைசிவரை செய்துவிடலாம் என்று போர்வையைத் தூக்கினேன். கட்டையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்பக்கக் குடைவுக்குள் ஒரு பொட்டலம் இருந்தது.

நோட்டுப் புத்தகத் தாளில் சுற்றி, மேலே உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: அப்பாவுக்கு, தியோ. பிரித்தேன். ஒரு ககனேர். மஞ்சள் தலைக்கவசம், மினுங்கும் பச்சைச் சட்டை, கையில் ஒரு சுருள் வயர், நான் வேலைக்குப் போகிற அதே கோலம். கால்சட்டையை இறக்கிக்கொண்டு குந்தியிருந்தான். கடையில் இல்லாத ஒன்றை அவள் பேனாவால் சேர்த்திருந்தாள்: ஒரு புருவத்தை மட்டும் மேலே தூக்கி வரைந்திருந்தாள்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தையில் காணாமல் போன பத்து நிமிஷமும் இதற்குத்தான். நான் அத்தனை பேர் முன்னால் கத்தியபோது பைக்குள் இதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். என்னைக் கை கழுவ அனுப்பியதும், போர்வையைத் தூக்கக் கூடாது என்றதும் இதற்கு. நெவுஸ் அவளிடம் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். மலைக்குப் போகப்போவது அவளுக்கு அப்போதே தெரியும். நான் தனியாக அடிப்பேன், யாராவது ஒருவர் உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். விடியலில் எழுந்து, குறட்டை விடும் என்னைத் தாண்டிப்போய், நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்தப் பழத்தைத் தின்றது யார் என்று இனிமேல் நான் என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது. அவள் நம்புவதை விட்டு எத்தனை காலம் ஆனதோ. எனக்காகத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சரியாக ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம், பாத்திரச் சத்தம். அவள் எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அடிச்சியா, அப்பா?"

"அடிச்சேன்."

"ஏதாவது குடுத்துச்சா?"

"குடுத்துச்சு. ஒரு ககனேர்."

"மஞ்சத் தொப்பி போட்டவனா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் பொம்மையை ஜன்னல் விளிம்பில், தெருவைப் பார்த்து உட்காரவைத்தேன்.

"ஆமா," என்றேன். "மஞ்சத் தொப்பிதான்."

உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.